புக்கெட்டில் ஒரு பகல்

சிங்கப்பூரில் மைத்துனரோ நாத்தனாரோ இருக்கிற குடும்பங்களில் இப்போதெல்லாம் அங்கே போகும்போது ஒரு கப்பல் பிரயாணத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். மூன்று, நாலு ராத்திரிக் கப்பல். சாப்பாடு, படுக்கை, நீச்சல் குளம், ஆட்டம் பாட்டு எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். அடுப்படிப் பக்கமே போக வேண்டாம் என்பது நமக்கு எவ்வளவு பெரிய சுகம்! இவற்றில் பல கப்பல்கள் வழியில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் காலையில் நின்று, சாயங்காலம் கிளம்பிவிடும். அந்த ஒரு பகலைப் பற்றித்தான் இந்தத் தடவை சொல்லப் போகிறேன். கப்பலுக்குள் இருக்கிற வரை எல்லாவற்றையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கரையில் காலை வைத்துவிட்டால் பொறுப்பு நம்முடையது. அதிலும் முக்கால்வாசி அம்மாவின் தலையில்தான் வந்து விழும்.

டிக்கெட் எடுக்கும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். "கப்பல் புக்கெட்டில் எங்கே நிற்கும்?" தீவின் கிழக்குப் பக்கம் ஆவ் மக்காம் என்ற துறைமுகம் இருக்கிறது. அங்கே என்றால் மேடையில் இறங்கி நடக்கலாம். மேற்குப் பக்கம் பதோங் கடற்கரை என்றால் கப்பல் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டுவிடும். சின்னப் படகுகளில்தான் கரைக்குப் போய் வர வேண்டும். இது தெரியாமல் போட்ட திட்டம் எதுவும் உருப்படாது.

எங்கள் கப்பல் பதோங்கில் நின்றது. படகுக்கு முன்கூட்டியே நம்பர் சீட்டு வாங்க வேண்டும். கப்பல்காரர்களிடமே சுற்றுலா எடுத்தவர்களை முதலில் அனுப்பிவிட்டு, நம்மைப் பிறகுதான் கூப்பிடுவார்கள். கடல் கொஞ்சம் புரண்டாலும் படகு ஏறி இறங்கி ஆடும். சிப்பந்திகள் கையைப் பிடித்து ஏற்றுகிறார்கள் என்றாலும், முழங்கால் வலி இருக்கிற பெரியவர்களுக்கு அந்த ஒரு அடி எடுத்து வைப்பது பெரும்பாடு. என் மாமியாரிடம் முதல் நாளே விஷயத்தைச் சொல்லி, "அத்தை, உங்கள் இஷ்டம்" என்றேன். "நீங்க போயிட்டு வாங்கம்மா. கப்பலே காலியா இருக்கும், நான் நிம்மதியா மேல் தளத்துல உக்காந்துப்பேன்" என்றுவிட்டார். அவர் சொன்னதுபோல அன்றைக்கு அவருக்குத்தான் ராஜ உபசாரம்!

புடவை வேண்டாம், தயவுசெய்து. ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கம்பி. கொசுவத்தைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? கடலில் இறங்கினாலும் நனைந்த புடவை காலைச் சுற்றிக்கொள்ளும், ஆபத்து. சல்வார் கமீஸ் சௌகரியம். துப்பட்டாவைக் கப்பலிலேயே வைத்துவிடுங்கள், நகைகளையும் கூடத்தான்.

இனி கடிகாரம். இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சிங்கப்பூர் நேரத்துக்குத் தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்னால். சில கப்பல்கள் புக்கெட்டில் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும். உங்கள் கைபேசி இருக்கிறதே, அது யாரையும் கேட்காமல் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கடைசிப் படகு 4 மணிக்கு என்று கப்பலில் அறிவித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். கைபேசி 3 மணி காட்டும்போதே அந்தப் படகு போய்விடும். நீங்கள் "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே" என்று இளநீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள்! கப்பல் தன் சொந்தச் சுற்றுலாவில் போனவர்களுக்குத்தான் காத்திருக்கும். நாமாகப் போனவர்களுக்காக நிற்காது. அப்புறம் சொந்தச் செலவில் விமானம் பிடித்துப் போக வேண்டியதுதான். கப்பல்காரர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சங்கடம் வேறு. அதனால் கையில் ஒரு பழைய கைக்கடிகாரம், கப்பல் நேரத்துக்கு வைத்தது, கட்டாயம் வேண்டும். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

திட்டத்தைக் கடைசிப் படகிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். எங்கள் கணக்கைச் சொல்கிறேன். கடைசிப் படகு கப்பல் நேரம் 4 மணி. அதை நம்பக் கூடாது, அப்போதுதான் கூட்டம் நெரியும். 2.30க்கு வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, மண்ணை உதறி, உடை மாற்ற முக்கால் மணி. ஆகவே 1.45க்குக் கடலை விட்டு வெளியே வந்தாக வேண்டும். காலையில் பலகாரம் முடித்து, சீட்டு வாங்கி, படகேறி, மணலில் கால் வைக்க 10 ஆகிவிடும். மிச்சம் இருப்பது மூன்றே முக்கால் மணி நேரம்! "புக்கெட்டில் ஒரு நாள்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பது இதைத்தான்.

இந்த நேரத்துக்குள் பீபீ தீவு, பழைய நகரம், கோயில், கடைத்தெரு எல்லாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். பழைய நகரம் மட்டுமே பதோங்கிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். மலையேறி இறங்க வேண்டும், போக்குவரத்து நெரிசலில் போக முக்கால் மணி, வர முக்கால் மணி. தலாங் சாலையில் ஈயச் சுரங்கப் பணத்தில் எழும்பிய சீன, ஐரோப்பிய பாணி வீடுகள் அழகுதான். கப்பல் கிழக்குத் துறைமுகத்தில் நின்றால் அதைப் பாருங்கள், அங்கிருந்து கிட்டத்தில் இருக்கிறது. பதோங்கில் இறங்கினால் எதிரே கிடக்கிற கடல் போதும். ஒரே ஒரு காரியம்தான் என்று தீர்மானித்தால் சண்டை வராது. பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், பாவம்!

சரி, கடல். பதோங் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிறை மாதிரி வளைந்து கிடக்கிற மணல். வாடகைக்குக் குடையும் பாயும் கிடைக்கும். முதலில் கொடியைப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் கலந்த இரண்டு கொடிகளுக்கு நடுவேதான் இறங்கலாம், அங்கே காவலர் பார்வை இருக்கும். தனிச் சிவப்புக் கொடி என்றால் கணுக்கால் நனைப்பதும் வேண்டாம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்தை நேராக அடிக்கும். மேலே வெயில் காய்ந்துகொண்டிருக்கும், கீழே கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அதில் மாட்டினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். நீந்தத் தெரியாதவர்கள் மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட வேண்டும். அந்த மாதங்களில் அலை பெரிதாக இருந்தால் கப்பல் நிற்காமலே போய்விடுவதும் உண்டு. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரையில் போவது உத்தமம்.

குழந்தைகளுக்குச் சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் உடை போடுங்கள். நீல நிற நீச்சல் உடை கடைக்கு அழகு. தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. கப்பலின் பெயரும் உங்கள் கைபேசி எண்ணும் எழுதிய சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குழந்தையின் உடையில் ஊக்கால் குத்திவிடுங்கள்.

ஜெல்லி மீன், நம் மீனவர்கள் சொறி என்பார்களே, அது சில சமயம் வரும். பட்டால் மணலால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றவும் கூடாது. உடனே காவலரைக் கூப்பிடுங்கள். அங்கே உயிருக்கு ஆபத்தான பெட்டி ஜெல்லி மீனும் உண்டு, அதற்கு முதல் உதவி வினிகரை அரை நிமிஷமாவது ஊற்றுவது. மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 1669க்குப் போன் செய்யச் சொல்லுங்கள், தாய்லாந்தின் ஆம்புலன்ஸ் எண் அது.

26-12-2004 அன்று நம் நாகப்பட்டினத்தை வாரிய அதே சுனாமி பதோங்கையும் விடவில்லை. எந்தத் தெரு வழியாக மேட்டுக்கு ஓட வேண்டும் என்று அங்கே பலகைகள் வைத்திருக்கிறார்கள். போனவுடன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். தரை பலமாக ஆடினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ பையை விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

வெயில் நமக்குப் புதிதில்லை. ஏறக்குறைய கன்னியாகுமரிக்கு நேர் கிழக்கே இருக்கிற ஊர்தான். ஆனால் கன்னியாகுமரியில் நாம் உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் தண்ணீரில் கிடக்க மாட்டோமே! மாநிற உடம்பும் கன்றிப் போகும். குழந்தைகளுக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி. சன்ஸ்கிரீன் தடவினால் இரண்டு மணிக்கு ஒரு தடவை திரும்பத் தடவ வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கிற சிசுவுக்கு நிழல்தான் மருந்து. பையில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு இருக்கட்டும். பாட்டில் தண்ணீர் மட்டும் குடியுங்கள்.

சைவக்காரர்கள் "காய்கறிதான்" என்று சொன்னால் போதாது. மீன் சாறும் இறால் விழுதும் அங்கே நம் புளி, பெருங்காயம் மாதிரி, எல்லாவற்றிலும் விழும். "ஜே" என்று கேளுங்கள். மாமிசம், மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம் பூண்டு கூட இல்லாத சாப்பாடு அது! மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கிற கடைகளில் கிடைக்கும். தேடி அலைய நேரமில்லை என்றால் கப்பலில் காலைப் பலகாரத்தைப் பலமாகச் சாப்பிட்டு, உறை பிரிக்காத பிஸ்கட்டோடு இறங்குங்கள். திரும்பி வந்தால் அங்கே சாப்பாடு காத்திருக்கும்.

தண்ணீர் ஸ்கூட்டர் ஓட்ட வயசுப் பிள்ளைகள் ஆசைப்படும். திருப்பிக் கொடுக்கும்போது "கீறல் விழுந்துவிட்டது, பணம் எடு" என்று தகராறு செய்கிற வழக்கம் அந்தக் கடற்கரையில் பேர்போனது. வேண்டவே வேண்டாம். யாரிடமும் பாஸ்போர்ட்டை ஈடாகக் கொடுக்கவும் கூடாது. டுக்-டுக் ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிவிடுங்கள். தகராறு என்றால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

கடைசியாக நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. எந்தக் கடற்கரையில் பார்த்தாலும் நம் ஊர்ப் பெண்கள் பை, செருப்பு, துண்டுக்குக் காவலாக மணலில் உட்கார்ந்திருப்பார்கள். மற்றவர்கள் குதிப்பார்கள். "நீ வரலையா?" என்று கேட்பார்கள், பையை வாங்கிக்கொள்ள மட்டும் யாருக்கும் தோன்றாது! நான் முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட்டேன்: "என்னங்க, 10 மணியிலிருந்து 11.30 வரை பிள்ளைகளோடு நீங்கள். 11.30லிருந்து 12.15 வரை பையும் பிள்ளைகளும் உங்களிடம், நான் கடலில்." கேட்டுக்கொண்டார். நேரம் குறித்துச் சொன்னால் கேட்கிறார்கள். "எனக்கும் ஆசையா இருக்கு" என்று பொதுவாகச் சொன்னால் காதில் விழுவதில்லை. முக்கால் மணி நேரம், வெதுவெதுப்பான தண்ணீரில், இடுப்பளவு ஆழத்தில், ஒருவர் பெயரையும் கூப்பிடாமல் நின்றேன்.

திரும்பும்போது கப்பலில் பையைச் சோதனை போடுவார்கள். பழம், கத்தி ஒன்றும் ஏற்ற விடமாட்டார்கள். டுரியன் பழத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதன் வாசனை நமக்கு முன்னால் கப்பலேறிவிடும்! புக்கெட்டில் முந்திரிப் பருப்பு விசேஷம், உறையிட்டது கிடைக்கும். நானும் ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்தேன். விலையைப் பார்த்தேன், பண்ருட்டியை நினைத்தேன், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.