வாக்மேனின் உள்ளே

வாக்மேன் என்றதும் பழம்பொருள் ஆர்வலர் பலர் கண் பனிக்கின்றனர். பழைய பாடல், பழைய காதல், பழைய மழை! அதன் மூடியைக் கழற்றி உள்ளே நோக்கியோர் மிகச் சிலரே. நம் கருத்தில் அக்கருவி மதிக்கத்தக்கது நினைவுகளுக்காக அன்று, பொறியமைப்புக்காக.

சோனி நிறுவனம் 1979 ஜூலை 1 அன்று ஜப்பானில் டி.பி.எஸ்-எல்2 என்னும் முதல் வாக்மேனை 33,000 யென் விலைக்கு வெளியிட்டது. செய்தியாளருக்கென முன்பே செய்திருந்த 'பிரஸ்மேன்' என்னும் ஒலிப்பதிவுக் கருவியே அதற்கு மூலம். பதிவு வசதியையும் ஒலிபெருக்கியையும் நீக்கி, ஸ்டீரியோ ஒலிக்கு வழி செய்தனர். நன்னூலார் நூலின் அழகுகளுள் சுருக்கத்தை முதலில் வைத்தமை இங்கு நினைவுக்கு வருகிறது.

கேசட்டின் பல்சக்கரமே நாடாவை இழுக்கிறது என்று பலரும் எண்ணுவர். அப்படியாயின், நாடா சேரச் சேரச் சுருள் பருத்து, வேகமும் கூடி, பாடல் போகப் போகக் கீச்சிடும். ஆகவே இழுக்கும் பணி கேப்ஸ்டன் என்னும் மெல்லிய உலோகத் தண்டுக்கு உரியது. ரப்பர் உருளை ஒன்று நாடாவை அத்தண்டோடு அழுத்த, நொடிக்கு 4.76 செ.மீ. வீதம் அது நகர்கிறது. அரை மணியில் ஏறத்தாழ 86 மீட்டர்! வந்ததைச் சுற்றிக்கொள்வதே சுருளின் வேலை. மோட்டாரின் சுழற்சியை ரப்பர் பெல்ட் ஒன்று தண்டின் அடியிலுள்ள கனத்த சக்கரத்துக்குக் கடத்துகிறது. மோட்டாரின் சிறு தடுமாற்றங்களை அச்சக்கரத்தின் கனம் விழுங்கிவிடுகிறது. இவ்வளவுக்கும் இரண்டு பென்சில் பேட்டரிகள் போதும்.

குறைகள் இல்லையா? உண்டு. குலுங்கினால் சுருதி நடுங்கும், நாடா சிக்கும், இரைச்சலும் கேட்கும். ஒலித் தூய்மையில் இன்றைய கைப்பேசியே மேல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் வாக்மேன் நின்றுபோனால் காரணத்தைப் பெரும்பாலும் கண்ணாலேயே காணலாம். பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது பசைபோல் இளகியிருக்கும். அதை மாற்றி, தண்டையும் ஒலிமுனையையும் துடைத்தால் பல கருவிகள் மீண்டும் பாடும். பசையிட்டு மூடப்பட்ட கைப்பேசி ஏன் ஊமையானது என்பதை அதற்கு விலை கொடுத்தவர் எவ்வாறு அறிவார்?

ஜப்பானில் கேசட் வாக்மேன் விற்பனைக்கு அனுப்பப்படுவது 2010-இல் நின்றது. எஞ்சியவற்றைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுவோருக்கு நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. பேழைக்குள் கிடந்தாலும் ரப்பர் கெடும். எனவே திருப்புளியைக் கையில் எடுங்கள், பெல்ட்டை மாற்றுங்கள், வீட்டுப் பிள்ளைகளை அருகில் அமர்த்தி அத்தண்டு சுழல்வதைக் காட்டுங்கள். கருவியைத் திறந்து பார்க்கும் உரிமை நமக்கு உண்டு என்பதை அவர்கள் அங்கிருந்தே கற்கட்டும்.