தனுஷ்கோடி ஊற்றும் தண்ணீர்க் கணக்கும்

சம்பா அறுவடை முடிந்து, வயலில் உளுந்து நாலு இலை விட்டிருந்த நேரம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவர், மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் தங்கச்சிமடத்துக்குப் புறப்பட்டார். அங்கே இருக்கும் மீனவர் அவருடைய பழைய நண்பர். சிங்கப்பூரில் ஒரே அறையில் தங்கிக் கட்டட வேலை பார்த்தவர்கள். "ஒரு தடவை தீவுக்கு வந்து பாரு" என்று நண்பர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இந்த மாசியில்தான் வாய்த்தது.

வந்தவர் மனதில் ஒரு கவலையும் இருந்தது. அவருடைய ஆழ்துளைக் கிணறு 60 அடி. நாலைந்து கோடைகளாகத் தண்ணீர் உவர்க்கிறது. இன்னும் ஆழமாக இறக்கினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று ஊரில் சிலர் சொல்ல, மனைவியின் சங்கிலியை அடகு வைப்பது வரை பேச்சு வந்துவிட்டது.

பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறியதுமே பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவில்லை. 1988-ல் திறந்த சாலைப் பாலம் இது. 1914-ல் திறந்த ரயில் பாலத்துக்குப் பதிலாக, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது அதன் நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக் கொடுக்கிறது.

மறுநாள் விடிகாலையில் நண்பர் எல்லோரையும் தனுஷ்கோடி சாலையில் அழைத்துப் போனார். கோதண்டராமர் கோயில் பக்கம், முழங்கால் ஆழம்கூட இல்லாத உவர்நீர்ப் பரப்பில் நூற்றுக்கணக்கான பூநாரைகள் நின்றன. சின்னவன் ஓடப் பார்த்தான். நண்பர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மாமா, கிட்டப் போகக் கூடாதா?"

"அது கொஞ்ச தூரம் தண்ணியில ஓடித்தான்டா மேல கிளம்பும். நீ கிட்டப் போனா கிளம்பிரும். அடுத்த வண்டிக்காரன் வந்தா திரும்பவும் கிளம்பும். தின்னது பூரா அதுலயே செலவாயிரும். அப்புறம் ஊருக்கு எப்படிப் போய்ச் சேரும்?"

பூநாரைகள் குளிர்காலத்தில் இங்கே வந்து, கோடை தொடங்கும்போது திரும்புகின்றன. நம் நாட்டில் அவை பெரிய அளவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் இடம் குஜராத்தின் கட்ச் உவர்நிலம். அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்துத் தள்ளும். அலகின் ஓரத்தில் இருக்கும் சீப்பு போன்ற அமைப்பு சல்லடையாக நின்று, சிறு பூச்சி, கூனி, பாசியைப் பிடித்துக்கொள்ளும். அந்த இரையில் உள்ள நிறமிதான் இறகுக்கு இளஞ்சிவப்பைக் கொடுக்கிறது. காலால் சேற்றை மிதித்து இரையைக் கிளப்பும் பறவைகளைப் பார்த்து, "நம்ம வயல்ல தொளி மிதிக்கிற மாதிரியே இருக்கு" என்றார் விவசாயியின் மனைவி. இந்தப் பகுதியில் சுமார் 524 ஹெக்டேர் பரப்பை 2025-ல் தமிழக அரசு பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது.

அங்கிருந்து அரிச்சல்முனைக்கு. ஒரு பக்கம் அமைதியான பாக் நீரிணை; அதைப் பெண் கடல் என்பார்கள். மறுபக்கம் அலை அடிக்கும் மன்னார் வளைகுடா. அது ஆண் கடல். நீரோட்டம் இழுக்கும் இடம் என்பதால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. வழியில் 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவர்கள் நின்றன.

திரும்பும்போது ஓர் இடத்தில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு அணியாகப் பிடித்து, ஒரே சீராகப் பின்னால் நடக்கிறார்கள். விவசாயியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். வெகுநேரம் இழுத்த பிறகு மடி கரைக்கு வந்தது. காரலும் சூடையும் இரண்டு கூடை. அத்தனை பேருக்கும் அதுதான் பங்கு.

"இவ்வளவுதானா?" என்றார் விவசாயி.

"கடலும் மானாவாரிதானப்பா. இன்னைக்கு இது, நாளைக்கு எது வருமோ. சித்திரையில விசைப்படகு எல்லாம் நின்னுரும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள். கைக்குக் கஷ்டந்தான். ஆனா முட்டை போடுற மீனை அள்ளிட்டா அடுத்த வருசம் எதை அள்ளுறது?"

வெயில் ஏறியது. குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, நண்பர் குடிசைகளுக்குப் பக்கத்தில் இருந்த ஊற்றுக்கு அழைத்துப் போனார். கடல் கூப்பிடு தூரத்தில். மணலில் நாலு அடிப் பள்ளம். ஒரு பெண் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்பினார். தண்ணீர் குறைந்ததும் நிறுத்திவிட்டு, ஊறும் வரை காத்திருந்தார். குடித்துப் பார்த்தால் தித்திப்பு.

"மோட்டார் வச்சா சீக்கிரம் நிரம்புமே, ஆத்தா?"

"நிரம்புந்தான். ரெண்டு நாளைக்கு நல்ல தண்ணி, மூணாம் நாளு உப்புத் தண்ணி" என்றார் அந்தப் பெண்.

அவர் சொன்னதுதான் கடலோர விவசாயிகள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு. மணலில் இறங்கும் மழைநீர், கடல்நீரைவிட எடை குறைந்தது. அதனால் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நல்ல நீர் இருக்கும். அதிகமாக இறைத்து மேல்மட்டம் 1 அடி இறங்கிவிட்டால், கீழேயிருந்து உப்பு நீர் நாளடைவில் 40 அடி வரை மேலே ஏறிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் கிணற்றை ஆழப்படுத்தினால் உப்பைத் தேடிப் போவதாகவே முடியும்.

எல்லா ஊரிலும் நிலத்தடி அமைப்பு ஒன்றல்ல. சில இடங்களில் களிமண் அடுக்குக்குக் கீழே நல்ல நீர் இருப்பதும் உண்டு. எனவே பணத்தை இறக்கும் முன் வேளாண் பொறியியல் துறையை அணுகி நிலத்தடி நீர் ஆய்வு செய்துகொள்ள வேண்டும். தண்ணீரையும் சோதிக்க வேண்டும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, அரை லிட்டர் பிடித்து மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். மின்கடத்தும் திறன் 0.7 டெசிசைமன்ஸுக்குள் இருந்தால் பயமில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆகாது. சோதிக்காமல் ஜிப்சம் கொட்டுவதும் வீண்; அது களர் நிலத்துக்கு மருந்து, வெறும் உவர் நிலத்துக்கு அல்ல. ஒரே மூச்சில் இறைக்காமல் விட்டு விட்டு இறைப்பது, பண்ணைக்குட்டை வெட்டி மழைநீரைத் தேக்குவது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது ஆகியவை கைக்கு எட்டும் வழிகள்.

அன்று இரவு காரல் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டே விவசாயி தன் கிணற்றுக் கதையைச் சொன்னார். "அந்த அக்கா சிரட்டையில மொள்ளுறதைப் பார்த்தேல்ல? முதல்ல தண்ணியைச் சோதிச்சுப் பாரு. தங்கச்சி சங்கிலி கழுத்துலயே கிடக்கட்டும்" என்றார் நண்பர்.

ஊர் திரும்பிய மறுநாள், மண் பரிசோதனை நிலையத்துக்கு ஒரு பாட்டில் தண்ணீர் போனது. சங்கிலி அடகுக் கடைக்குப் போகவில்லை.