பேர் விழாத வேலை

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்பே, விடிகாலை ஐந்தரைக்கெல்லாம், சந்தியில் ஒரு லொறி வந்து நிற்கிறது. அதில் ஏறுகிறவர்கள் எல்லோரும் நம்முடையவர்கள். மிளகு பறிக்க, கராம்பு ஆய, நாவுலப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் களை பிடுங்க, வீடு கட்டுமிடத்தில் கல் சுமக்கப் போகிறார்கள். இளைஞர்கள் சிலர் தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலைக்கு முதல்நாள் இரவே போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது கையில் காசு இருக்கிறது. அன்றைக்கு அவர்கள் உழைத்தார்கள் என்பதற்கு அந்தக் காசைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதுவும் கடைக் கொப்பியில் கடன் கழிந்ததும் தீர்ந்துவிடுகிறது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை நாம் 'பேர்' என்றுதானே சொல்கிறோம்? முழுப் பேரா, அரைப் பேரா, இந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது என்றுதான் ஒருவரையொருவர் கேட்கிறோம். செக்றோலில் நம் பெயருக்கு நேரே விழும் அந்தக் குறியிலிருந்துதான் கூலி வருகிறது. சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பிள்ளைப்பேற்றுப் பணம், கடைசியில் பணிக்கொடை என எல்லாவற்றுக்கும் அதுவே வேர். லொறியில் போகிறவருக்குப் பேர் விழுவதில்லை.

இதைப் படித்தவர்கள் 'முறைசாரா வேலை' என்கிறார்கள். 1972 இல் கென்யா நாட்டைப் பற்றி சர்வதேச தொழில் அமைப்பின் குழுவொன்று எழுதிய அறிக்கை இந்தச் சொல்லை உலகெங்கும் பரப்பியது. உலகத்தில் வேலை செய்கிறவர்களில் 200 கோடி மக்கள், அதாவது பத்தில் ஆறு பேர், இப்படித்தான் உழைக்கிறார்கள் என்று அதே அமைப்பு 2018 இல் கணக்குச் சொன்னது. நம் நாட்டிலும் பாதிக்கு மேற்பட்டவர்களின் நிலை இதுதான். தோட்டத் தொழிலாளி மட்டும் இந்தக் கூட்டத்தில் இல்லை என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தோம். நாம் செக்றோல்காரர்கள் அல்லவா?

அந்தச் செக்றோல் சும்மா வந்ததல்ல. வடபாதை வழியாக மன்னாரிலிருந்து காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோருக்கு, அவர்களைப் பற்றி எழுதப்பட்ட தாள் என்றாலே பயம். 'துண்டு' என்ற அந்தச் சீட்டில் அவர்கள் செய்த வேலை எழுதப்படவில்லை, பட்ட கடனே எழுதப்பட்டிருந்தது. அந்தக் கடனை ஒரு துரை அடைத்தால் ஆள் அந்தத் தோட்டத்துக்குக் கைமாறுவான். 1921 இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. 1927 இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1941 இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், 1958 இல் சேமலாப நிதிச் சட்டம், 1983 இல் பணிக்கொடைச் சட்டம். நம்மைக் கட்டிப்போட்ட தாளை நமக்குச் சாட்சி சொல்லும் தாளாக மாற்ற மூன்று தலைமுறை ஆயிற்று. 2023 இல் தலைமன்னாரில் ஜூலை 28 அன்று புறப்பட்டு ஓகஸ்ட் 12 அன்று மாத்தளை வந்து சேர்ந்த நடைபயணத்தில் கலந்துகொண்ட நம் அங்கத்தவர்களுக்கு இந்தக் கதையைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

இப்போது அந்தத் தாளை நம் கையிலிருந்து மெல்ல உருவுகிறார்கள். சில இடங்களில் நாமே கீழே வைத்துவிட்டு வருகிறோம்.

வெளியே போகிறவர்களைக் குறை சொல்ல இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை. சென்ற மாதம் காரியாலயத்துக்கு வந்த ஒரு சகோதரி கேட்டதை அப்படியே எழுதுகிறோம்: "தோட்டத்துல கெழமைக்கு மூணு நாளு வேலை குடுத்தா மிச்ச நாளு புள்ளைங்க என்னாத்த திங்கிறது தலைவரே? லொறிக்காரன் ஐநூறு கூடத் தாறான், பகலைக்கு சோறும் குடுக்கிறான்." இதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வந்தது உண்மை. வேலை கொடுத்தால்தானே நாட்சம்பளம்?

அதைவிடக் கவலை தருவது தோட்டத்துக்குள்ளேயே நடப்பது. கைக்காசு வேலை என்ற பெயரில் கிலோவுக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கொடுத்துவிட்டு, செக்றோலில் எழுதாமல் விடுகிறார்கள். அதே மலை, அதே கொழுந்து, அதே கூடை. 2024 இன் அந்த நாட்சம்பளப்படி ஒரு பேர் விழுந்தால் 1,350 ரூபாவுக்கு நிர்வாகம் சேமலாப நிதிக்கு 12 சதவீதம், அதாவது 162 ரூபா கட்ட வேண்டும். நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம், 40 ரூபா 50 சதம். இரண்டும் சேர்ந்து 202 ரூபா 50 சதம். நூறு நாள் வேலை கைக்காசாகப் போனால் ஒரு ஆளுக்கு 20,250 ரூபா நிர்வாகத்தின் பைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பணிக்கொடைக் கணக்கில் வரும் நட்டம் தனி. தற்காலிக வேலை, கிலோக் கணக்கு வேலை என்றெல்லாம் சேமலாப நிதிச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். "கைக்காசுக்கு ஈ.பி.எஃப். கிடையாது" என்று கணக்கப்பிள்ளை சொன்னால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார்.

மலையைத் துண்டு போட்டுக் குடும்பத்துக்கு இவ்வளவு மரம் என்று ஒப்படைக்கும் வெளியார் முறையும் இதே பாதைதான். உரத்துக்கும் மருந்துக்கும் கழித்துக்கொண்டு கொழுந்துக்கு விலை தருவார்கள். தொழிலாளி என்ற பெயர் போய் 'பயிர்ச்செய்கையாளர்' என்ற பெயர் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காணி உறுதி கையில் வந்தால் அதைப் பற்றிப் பேசலாம். காணி கம்பனிக்கும் வேலை நமக்கும் என்றால் அது வேறு பெயரில் வந்த கொந்தராத்துதான்.

வெளியே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கராம்பு மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த நம் அங்கத்தவர் ஒருவரின் விடயமாக, தோட்டச் சொந்தக்காரரைப் பார்க்கப் போனோம். அவர் கெட்ட மனிதரல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார், கவரில் கொஞ்சம் காசும் வைத்தார். ஆனால் நட்டஈடு என்ற பேச்சை எடுத்ததும், "இவர் என்னிடம் வேலை செய்தார் என்று எதில் இருக்கிறது?" என்று கேட்டார். வேலையாட்களுக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1934 இலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது. நாட்கூலி என்பதற்காக மட்டும் அந்த உரிமை இல்லாமல் போய்விடாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலாகக் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட நம்மிடம் இருக்கவில்லை.

கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகளின் நிலை கொஞ்சம் வேறு. 1954 இன் கடை, காரியாலய ஊழியர் சட்டம் அவர்களுக்காகவே இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது நிபந்தனைகளை எழுத்தில் தர வேண்டும் என்று அது சொல்கிறது. முதலாளி தருவதில்லை, பிள்ளைகள் கேட்பதில்லை. வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கோ கேட்பதற்கும் வழி இல்லை. சேமலாப நிதிச் சட்டம் வீட்டு வேலையை விலக்கியே வைத்திருக்கிறது. 2011 இல் நிறைவேறிய வீட்டுப் பணியாளர் பற்றிய 189 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை ஏற்க வேண்டும் என்று குரல் கொடுக்கிற சங்கங்களோடு நாமும் நிற்க வேண்டும். அந்த வீடுகளில் அடுப்பெரிப்பவர்களில் பலர் நம் லயத்துப் பெண்கள்.

தோட்டத்தை விட்டுப் போகிறவர்களுக்கு அவசரமாக ஒரு வார்த்தை. சொல்லாமல் கொள்ளாமல் போகாதீர்கள். ஐந்து வருடம் முடிந்திருந்தால், நீங்களாகவே விலகினாலும் பணிக்கொடை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட் சம்பளம். 20 வருடம் கொழுந்தெடுத்தவருக்கு 280 நாள். 2024 இன் 1,350 ரூபா வீதம் பார்த்தால் 3,78,000 ரூபா. விலகி 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். "பேரை வெட்டிட்டாங்க, இனி ஒண்ணும் கெடைக்காது" என்று நினைத்துப் பேசாமல் இருப்பவர்கள் ஒவ்வொரு டிவிஷனிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கூட்டி வாருங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு நம் குறையை மறைப்பது சரியல்ல. சங்கச் சந்தா செக்றோலில்தான் பிடிக்கப்படுகிறது. செக்றோலில் பேர் இல்லாதவருக்குச் சந்தா இல்லை, சந்தா இல்லாதவர் அங்கத்தவரும் இல்லை என்றாகிவிட்டது. முப்பது வருடம் சங்கத்தில் இருந்தவர் லொறி ஏறியதும் அந்நியராகிவிடுகிறார். நிர்வாகம் அவரைப் புத்தகத்திலிருந்து வெட்டியபோது நாமும் கூடவே வெட்டினோம்.

முதலாளி யாரென்று காட்ட முடியாதவர்களுக்குச் சங்கம் வைக்க முடியாது என்பது பழைய வாதம். அகமதாபாத்தில் தலைச்சுமைப் பெண்களையும் தெருவில் விற்கும் பெண்களையும் சேர்த்து இலா பட் அம்மையார் சங்கம் பதியப் போனபோது அதிகாரிகளும் அதையேதான் சொன்னார்கள். விடாமல் வாதாடி 1972 இல் சேவா என்ற அந்தச் சங்கத்தைப் பதிந்தார்கள். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளருக்கென்று 1982 இல் தனிச் சட்டமே வந்து, அதன் கீழ் நல வாரியங்கள் அமைந்தன. நம் நாட்டிலோ ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம் என்று 1935 இன் சட்டம் சொல்கிறது. ஒரு லொறியில் அதைவிடக் கூட ஆள் போகிறது.

ஆகவே தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் இந்த மாதம் லயம் லயமாக வருவார்கள். வெளி வேலைக்குப் போகிறவர்களின் பெயர், போகும் இடம், அழைத்துப் போகிறவர் யார் என்பதை எழுதிக்கொள்வார்கள். சந்தாவைக் கையில் கொடுத்து ரசீது வாங்கி அங்கத்தவராகத் தொடரலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கொப்பி தரப்படும். திகதி, இடம், செய்த வேலை, வாங்கிய காசு ஆகிய நான்கையும் அன்றன்றே எழுதுங்கள். எழுத வராதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரட்டும். கூட வேலை செய்த ஒருவர் பக்கத்தில் கையொப்பம் வைத்தால் இன்னும் நல்லது. கைக்காசு எடுப்பவர்களும் கொழுந்து நிறுத்த கிலோவை இதே கொப்பியில் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கொப்பிகளோடு மாத்தளை தொழில் அலுவலகத்துக்குப் போவோம்.