திராட்சைக்கு ஒரு பூட்டு போதாது

ஒயின் உங்களுக்குத் தேவையில்லாத பொருள். ஆனால் ஒயின் திராட்சையை நோயிலிருந்து காக்க விஞ்ஞானிகள் செய்யும் வேலையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உயிரியல் வகுப்பில் படிக்கும் மெண்டலின் விதிகள் தோட்டத்தில் எப்படிப் பயன்படுகின்றன என்பதை அது காட்டும். அந்த வேலையில் வேகத்தையே பெரிதாகப் பேசுகிறோம். வேகத்தைவிட முக்கியமான ஒன்று அதில் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் சிக்கலைப் பார்ப்போம். ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஒயின் திராட்சைகள் விட்டிஸ் வினிஃபெரா என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. 1845இல் இங்கிலாந்தில் சாம்பல் நோய் தென்பட்டது. 1878இல் பிரான்சில் அடிச்சாம்பல் நோய் புகுந்தது. இரண்டும் வட அமெரிக்காவிலிருந்து வந்தவை. அமெரிக்கக் காட்டுத் திராட்சைகள் இந்தக் கிருமிகளோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்து எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தன. ஐரோப்பியத் திராட்சைக்கு அது இல்லை.

1885இல் மில்லார்டே என்ற பிரெஞ்சு அறிஞர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அறிமுகப்படுத்தினார். அன்று தொடங்கிய தெளிப்பு இன்றும் நிற்கவில்லை. மழை மிகுந்த ஆண்டில் பத்துத் தடவைக்கு மேலும் மருந்து தெளிக்க நேரும். அதில் உள்ள செம்பு மக்கிப் போகாது. ஆண்டுதோறும் மண்ணில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

காட்டுத் திராட்சையின் எதிர்ப்புச் சக்தியை ஐரோப்பியத் திராட்சைக்குக் கொடுத்தால் என்ன? அதற்கான வழி பழையதுதான். ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றின் பூவில் சேர்த்து, கிடைக்கும் விதையை முளைக்க வைப்பார்கள். ஆனால் முதல் தலைமுறைக் கன்றில் பாதி காட்டுத் திராட்சை; ஒயின் செய்வோர் விரும்பாத வாடை அதன் பழத்தில் வரலாம். ஆகவே அதை மீண்டும் மீண்டும் ஐரோப்பிய வகைகளோடு கலக்கிறார்கள். காட்டுப் பங்கு சராசரியாக 50 விழுக்காடு, 25, 12.5, 6.25 என்று பாதி பாதியாகக் குறையும். ஒவ்வொரு தலைமுறையிலும் எதிர்ப்பு மரபணுவைப் பெற்ற கன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஜெர்மனியில் 1967இல் கலப்பு செய்யப்பட்ட ரீஜண்ட் என்ற வகை, 1990களில்தான் தோட்டக்காரர்களின் கைக்கு வந்தது.

இங்கேதான் மரபணு அடையாளக்குறி உதவுகிறது. எதிர்ப்பு மரபணுவுக்கு மிக அருகில் இருக்கும், எளிதில் கண்டறியக்கூடிய டி.என்.ஏ. துண்டுதான் அது. அருகருகே இருப்பதால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும். சிறு கன்றின் இலைத் துண்டைச் சோதித்தாலே, அதில் எதிர்ப்பு மரபணு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இதை மரபணு மாற்றம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். கலப்பு பூவில்தான் நடக்கிறது. எந்தக் கன்றை வைத்துக்கொள்வது என்பதை மட்டுமே சோதனை சொல்கிறது.

நம் நாட்டுச் செம்பனையிலும் இது உண்டு. செம்பனைப் பழத்தின் ஓட்டுத் தடிப்பைத் தீர்மானிக்கும் மரபணுவை மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்களும் அவர்களுடைய வெளிநாட்டுக் கூட்டாளிகளும் 2013இல் அறிவித்தார்கள். மரம் காய்க்கும்வரை காத்திருந்து பார்க்க வேண்டியதை இப்போது நாற்றிலேயே அறிய முடிகிறது.

வேகம் நல்லதுதான். ஆனால் ஒரே ஓர் எதிர்ப்பு மரபணுவோடு ஒரு திராட்சையை அவசரமாகத் தோட்டத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அது கதவில் ஒரே ஒரு பூட்டு போட்டதற்குச் சமம். கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அவற்றில் ஒன்றுக்குத் தற்செயலாகச் சாவி கிடைத்தால் போதும். அதன் சந்ததி பரவிவிடும். ஹங்கேரியில் உருவான பியாங்கா என்ற வகையின் எதிர்ப்புச் சக்தி, ஆர்பிவி3 என்று பெயரிடப்பட்ட மரபணுப் பகுதியிலிருந்து வருகிறது. அதை முறியடித்த அடிச்சாம்பல் கிருமியை 2010இல் வெளியான ஓர் ஆய்வு விவரித்தது. இத்தனைக்கும் பியாங்கா பரவலாகப் பயிரிடப்பட்ட வகை அல்ல. உடைந்த பூட்டால் பியாங்காவுக்கு மட்டும் நட்டமில்லை. அதே பூட்டை நம்பும் எல்லா வகைகளுக்கும் ஆபத்து.

இரண்டு பூட்டு போடலாமே என்பீர்கள். அதில் ஒரு சிக்கல். ஒரு கன்றில் ஓர் எதிர்ப்பு மரபணுவும் பக்கத்துக் கன்றில் இரண்டும் இருந்தால், கிருமியைத் தடவிப் பார்க்கும்போது இரண்டுமே நலமாக நிற்கக்கூடும். எதில் இரண்டு இருக்கிறது என்று கண்ணால் சொல்வது கடினம். அடையாளக்குறி அதைச் சொல்லிவிடும். தாய்ச்செடியில் ஒரு பிரதி மட்டும் இருக்கும் மரபணு பாதிக் கன்றுகளுக்குத்தான் போகும். வெவ்வேறு குரோமோசோம்களில் உள்ள இரண்டு மரபணுக்கள் சேர்ந்து கிடைப்பது நான்கில் ஒரு கன்றுக்கு. நான்கும் சேர்ந்து கிடைப்பது 16இல் ஒன்றுக்கு. அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதே அடையாளக்குறியின் பெரிய உதவி.

பிரான்சின் தேசிய வேளாண் ஆய்வு நிறுவனம் இந்த வழியில்தான் போனது. 2000இல் தொடங்கிய அதன் திட்டத்திலிருந்து ஆர்ட்டபான், ஃப்ளோரியால், விடோக், வோல்ட்டிஸ் ஆகிய நான்கு வகைகள் 2018இல் பதிவு செய்யப்பட்டன. இரு நோய்களுக்கும் எதிராக ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் அவற்றில் உண்டு. அப்படியிருந்தும், பூட்டுகளைக் காக்க ஆண்டுக்கு ஓரிரு தடவை மருந்து தெளிக்கச் சொல்கிறார்கள்.

மருந்துச் செலவால் தவிக்கும் விவசாயிக்கு ஒரு பூட்டாவது இன்றே கிடைக்கட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நெல்லைப்போல் திராட்சையை அடுத்த பருவத்திலேயே மாற்றி நட முடியாது. நட்ட கொடி முப்பது ஆண்டுகளுக்கு மேலும் நிற்கும். பத்தாம் ஆண்டில் பூட்டு உடைந்தால் மீதி ஆண்டுகளுக்கு அதே விவசாயி மறுபடியும் தெளிப்பானைத் தோளில் மாட்ட வேண்டியதுதான். அவசரப்பட்டு விற்றவருக்கு அந்த நட்டம் இல்லை.

காட்டுத் திராட்சைகள் நமக்குத் தந்திருக்கும் எதிர்ப்பு மரபணுக்கள் எண்ணிக்கையில் குறைவு. கிருமி ஒன்றை வென்றுவிட்டால் அதற்கு ஈடாக இன்னொன்றைத் தேடி வளர்த்தெடுக்க மறுபடியும் பல ஆண்டுகள் ஆகும். எனவே ஒற்றை மரபணுவோடு புதிய வகையை வெளியிடக் கூடாது என்பதை விதியாகவே வைக்க வேண்டும். மரபணு அடையாளக்குறியின் நன்மை என்ன என்று உங்களிடம் யாராவது கேட்டால், 'நேரம் மிச்சமாகும்' என்பதோடு நிறுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது பூட்டைக் காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.