பெஸ்ட் ரெய்டர் கோப்பையின் குளறுபடி

ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டைகள் பக்கம் கம்பெனி அணிகள் மோதும் கபடிப் போட்டியில் பரிசளிப்பு மேடையைப் பார்த்தால் அணிக்கோப்பைக்குப் பக்கத்தில் இன்னொன்று பளபளக்கும். அது பெஸ்ட் ரெய்டர் கோப்பை. ஸ்கோர் ஷீட்டில் அதிகப் புள்ளி யாருக்கோ, அவருக்குப் போகும். "ஷீட் பொய் சொல்லாது" என்பார்கள். பகல் முழுக்க உற்பத்திப் பலகையில் எண்களோடு மல்லுக்கட்டுகிறவர்கள் சாயங்கால மைதானத்திலும் எண்ணை நம்புவதில் வியப்பில்லை. ஷீட் பொய் சொல்லாதுதான். பாதி சங்கதியைச் சொல்லாமல் விட்டுவிடும், அதுதான் சிக்கல்.

முதல் நம்பிக்கை: அதிகப் புள்ளி எடுப்பவர் இருந்தால் அணி ஜெயிக்கும். தமிழ் தலைவாஸ் ரசிகர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த அணி புரோ கபடிக்குள் வந்த 2017-இல் அஜய் தாக்கூர் 200 புள்ளிகளைத் தாண்டினார். அணியோ தன் பிரிவில் கடைசி. 2018-இலும் பிரிவில் கடைசி. 2019-இல் அவரும் மஞ்சீத் சில்லரும் இருந்த அணியில் ராகுல் சௌத்ரி என்ற இன்னொரு பெரிய பெயரையும் சேர்த்தார்கள். 12 அணிகளில் 12-ஆம் இடம் கிடைத்தது.

பிறகு 2022. அதுவரை லீக் காணாத விலையாக 2.26 கோடி ரூபாய் கொடுத்து பவன் ஷெராவத்தை வாங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் சீசனை விட்டே வெளியேறினார். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நடுவில் பயிற்சியாளராக வந்த ஆஷன் குமாரின் கீழ், லீக்குக்குப் புதுமுகமான நரேந்தர் ரெய்டுக்குப் போக, சாகரும் சாகில் குலியாவும் பின்னால் கார்னர் காக்க, அந்த அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது. பவன் சாதாரண ஆட்டக்காரர் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு ரெய்டரின் புள்ளிக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்பதை ஏலத்தொகை காட்டாது, அவ்வளவே.

இரண்டாவது நம்பிக்கை: எடுத்த புள்ளி எடுத்தவருக்கே சொந்தம். கபடியின் விதியே இதற்கு எதிர்சாட்சி. அவுட்டான ரெய்டர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். எதிரணியில் ஒருவரை நம் ஆட்கள் அவுட் ஆக்கினால்தான் அவர் உள்ளே வர முடியும். போனஸ் புள்ளி யாரையும் உள்ளே கொண்டுவராது. அதாவது, அவர் எத்தனை முறை பாடிப் போகிறார் என்பதையே தடுப்பாட்டமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஒரு பிடியைக் கிட்டத்தில் பாருங்கள். இடது கார்னரில் நிற்பவர் கணுக்காலைப் பற்றுகிறார். ரெய்டர் உதறிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்கிறார். கவர் இடத்தில் நிற்பவர் குறுக்கே மறிக்கிறார், மூன்றாமவர் மேலே விழுந்து அமுக்குகிறார். ஷீட்டில் ஏறுவது ஒரே பெயர். கவர் மறிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பிடி எதிரணிக்குப் புள்ளியாகியிருக்கும்.

வெறுங்கையோடு திரும்பும் ரெய்டு வீண் என்பதும் அரைகுறைக் கணக்கு. கடைசி நேரத்தில் இரண்டு புள்ளி முன்னிலையில் இருக்கும்போது, 30 விநாடியையும் கரைத்துவிட்டுப் பத்திரமாகத் திரும்புகிறவர் அணிக்கு வேலை செய்கிறார். தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாய்ப் போனால் மூன்றாவது டூ ஆர் டை; புள்ளி வராவிட்டால் போனவர் அவுட். அந்த மூன்றாவதற்குத் துணிந்து போகிறவர் எடுக்கும் ஒரு புள்ளியும், எதிரே இருவர் மட்டும் நிற்கையில் எடுக்கும் ஒரு புள்ளியும் ஷீட்டில் ஒன்றுதான்.

கிரிக்கெட்டிலும் இதே கதை. 2021 ஜனவரி 11, சிட்னி. தொடைத்தசை பிடித்துக்கொண்ட ஹனுமா விஹாரி 161 பந்தில் 23, முதுகுவலியோடு ஆடிய நம் அஸ்வின் 128 பந்தில் 39. இருவரும் அவுட் ஆகவில்லை, டெஸ்ட் டிரா. ரன்னை மட்டும் பார்த்தால் 23 என்பது மறக்க வேண்டிய எண்.

இன்னொரு வாதம் பயிற்சியைப் பற்றியது: ஒவ்வொருவரும் தனித்தனியே கூர்மையானால் அணி தானாகக் கூர்மையாகும். ஒரகடத்தில் அசெம்பிளி லைனில் நிற்கிற எவரும் இதை நம்பக் கூடாது. ஒரு ஸ்டேஷன் மட்டும் வேகமெடுத்தால் அடுத்த ஸ்டேஷன் முன்னால் பாகங்கள் குவியும். வண்டி கூடுதலாக வெளியே வராது. கார்னரையும் கவரையும் ஜோடியாக நிறுத்திப் பழக்காமல், தனியாகத் தண்டால் எடுக்க வைத்துப் பிடி தேறவில்லையே என்று புலம்புவதும் அதே தவறுதான்.

அப்படியானால் எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோச்சின் கண்ணை மட்டும் நம்பலாமா? வேண்டாம். அந்தக் கண்ணுக்கும் வேண்டியவர் வேண்டாதவர் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்தில் ஷேன் பேட்டியர் பெரிதாகப் புள்ளி குவித்தவரல்லர். ஆனால் அவர் களத்தில் இருக்கும்போது சக ஆட்டக்காரர்கள் மேம்படுவதையும் எதிரணியின் நட்சத்திரம் மங்குவதையும் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி கணக்கெடுத்துக் கண்டறிந்தது. 2009-இல் மைக்கேல் லூயிஸ் அதை நீண்ட கட்டுரையாக்கினார். அங்கேயும் எண்தான் பேசியது, கேட்ட கேள்விதான் வேறு.

ஒரகடத்தில் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஷீட்டில் மூன்று கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: டூ ஆர் டை ரெய்டில் எடுத்த புள்ளி, பிடிக்குத் துணை நின்றவர் பெயர், ஒருவர் களத்தில் இருந்தபோது அணி பெற்றதும் இழந்ததும். கோப்பையைப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள்.