காளானுக்கும் மூச்சு முட்டும்

சித்திரை பிறந்துவிட்டால், வாடகை வீட்டில் காளான் போடுகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ரூமை எப்படிக் குளிர வைக்கிறது?" கேட்பது நியாயம்தான். ஆனால் அதை மட்டுமே கேட்பதால்தான் பலர் கைக்காசை இழக்கிறார்கள்.

அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், பயிற்சி முடித்த கையோடு, குடியிருக்கும் வாடகை வீட்டின் ஸ்டோர் ரூமில் சிப்பிக் காளான் போட்டார். ஆறடிக்கு ஏழடி அறை. தலைக்கு மேலே மொட்டை மாடி. மாசி வரை நன்றாகவே வந்தது. வெயில் ஏறியதும் கடன் வாங்கி ஏ.சி. மாட்டினார். ஈக்கு பயந்து வெண்டிலேட்டரையும் அட்டை வைத்து அடைத்துவிட்டார். அறை 24 டிகிரியில் நின்றது. காளானும் வந்தது. ஆனால் காம்பு விரல் நீளம், தலை பித்தான் அளவு. வழக்கமாக வாங்கும் காய்கறிக் கடைக்காரர் வேண்டாம் என்று திருப்பிவிட்டார். "இருபத்துநாலுலதானே வெக்கணும்னு சொன்னாங்க தம்பி? அப்படியேதானே வெச்சிருக்கேன்?" என்று அக்கா என்னிடம் கேட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. சொல்லிக்கொடுத்தவர்கள் வெப்பத்தை அழுத்திச் சொன்ன அளவுக்குக் காற்றைச் சொல்லவில்லை.

காளான் செடியல்ல. நம்மைப் போலவே ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை வெளியே விடும் உயிர். வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்குதான். சிப்பிக் காளானின் தலை நன்றாக விரிய, அறைக்குள் அது 1,000 பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. சின்ன அறையில் இருபது, முப்பது படுக்கைகளைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினால் அந்த அளவு வெகு சீக்கிரம் கடந்துபோகும். அப்போது காம்பு நீளும், தலை சுருங்கும். ஸ்பிளிட் ஏ.சி. இதற்கு எந்த உதவியும் செய்யாது. அது உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அதோடு அறையின் ஈரத்தையும் எடுத்துக் குழாய் வழியே வெளியே விட்டுவிடுகிறது. மொட்டு விடும் நேரத்தில் 75 முதல் 85 சதவீதம் ஈரப்பதம் கேட்கும் பயிருக்கு இது இரட்டைத் தண்டனை.

வித்து பரவும் முதல் 15, 20 நாளில் இந்தச் சிக்கல் இல்லை. அப்போது பைக்குள் பூஞ்சாண இழை ஓடுகிறது. இருட்டும் 25 முதல் 30 டிகிரி வெப்பமும் போதும், காற்று குறைவாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் கவனிக்க வேண்டியது சூடு. இழை ஓடும்போது படுக்கையே சூட்டைக் கிளப்பும். அறையின் தெர்மாமீட்டர் 30 காட்டினால் பையின் நடுவில் அதைவிடச் சில டிகிரி கூடுதலாக இருக்கும். பைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் நடுப்பை வெந்துபோகும், பச்சைப் பூஞ்சை வந்து உட்காரும். கையளவு இடைவெளி விட்டு வையுங்கள். சின்ன அறையில் வெப்பத்தைக் குறைக்கச் செலவே இல்லாத வழி, பைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான். நாற்பது பையில் பாதி கெட்டுப்போவதைவிட இருபது பை முழுசாக விளைவது லாபம். யாரும் இதைக் கேட்க விரும்புவதில்லை என்றாலும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

மொட்டு தெரிய ஆரம்பித்ததும் காற்று வேண்டும். அறைக்கு இரண்டு திறப்புகள் தேவை, ஒன்று போதாது. மேலே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிட்டு, கதவையும் ஜன்னலையும் இறுக மூடி வைத்திருப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். உள்ளே வர வழியில்லாத காற்று எப்படி வெளியே போகும்? ஃபேன் சத்தம்தான் மிச்சம். மேலே வெளியேறும் வழி, எதிர்ப்புறம் தாழ்வாக உள்ளே வரும் வழி, இதுதான் ஒழுங்கு. உள்வழியில் ஈ நுழையாதபடி நெருக்கமான நைலான் வலை கட்ட வேண்டும். வலை காற்றைத் தடுக்கும் என்பதால் அந்தத் திறப்பு வெளிவழியைவிடப் பெரிதாக இருக்கட்டும். உள்ளே வரும் காற்று சமையலறையிலிருந்தோ கழிவறையிலிருந்தோ வரக் கூடாது.

ஆறடிக்கு ஏழடி அறையில் இருப்பதே பதினொன்று, பன்னிரண்டு கன மீட்டர் காற்றுதான். ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் மணிக்கு 200 கன மீட்டருக்குமேல் தள்ளும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். வலை, தூசி எல்லாம் போகப் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டாலும், ஏழெட்டு நிமிடத்தில் அறைக் காற்று முழுக்க மாறிவிடும். ஆகவே நாள் முழுக்க ஓட்டத் தேவையில்லை. ஓட்டினால் ஈரம் போய் மொட்டுகள் காய்ந்துவிடும். மணிக்குச் சில நிமிடம், ஒரு டைமர் போதும். கோடையில் நடுப்பகலில் குறைத்து, இரவிலும் விடியற்காலையிலும் கூட்டி ஓட்டுங்கள். கான்கிரீட் கூரை பகலில் வாங்கிய சூட்டை முன்னிரவு முழுக்க உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். விடியற்காலை நாலு மணிக்குமேல்தான் வெளிக்காற்று உண்மையாகவே குளிர்ச்சி தரும்.

ஈரச் சாக்கு கட்டுவது நல்ல வழக்கம்தான். ஆனால் அது ஊருக்கு ஊர் மாறும். நீர் ஆவியாகும்போதுதான் சூட்டை இழுக்கிறது, ஆவியாக வேண்டுமென்றால் காற்று வறண்டிருக்க வேண்டும். 38 டிகிரி வெயிலும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள கரூரிலோ மதுரையிலோ, சாக்கு வழியாக வரும் காற்று 24 டிகிரியை நெருங்க முடியும். கடற்காற்று ஏறிய சென்னை மாலையில் 34 டிகிரியும் 70 சதவீதமும் இருந்தால், எத்தனை சாக்கு நனைத்தாலும் 29க்குக் கீழே இறங்காது. அது இயற்கையின் வரம்பு. மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் சுவர் ஊறும், பூஞ்சை படரும், அவ்வளவுதான்.

சுவர் ஊறினால் அது வீட்டுக்காரர் சுவர். இந்த விஷயத்தில் ஒளித்து மறைத்துச் செய்வது வேண்டாம். காளான் போடப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். சுவரில் துளை போடத் தேவையே இல்லை. வெண்டிலேட்டரில் ஒரு கண்ணாடிப் பட்டையைக் கழற்றி வலை கட்டலாம். ஜன்னல் கம்பியோடு பிளைவுட் பலகையைக் கட்டி அதில் ஃபேனை மாட்டலாம். காலி செய்யும் நாளில் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிடலாம். சுவருக்கு இரண்டு அங்குலம் முன்னால் தடித்த பாலித்தீன் தாளைத் தொங்கவிட்டால் சுண்ணாம்பு கெடாது. தரையை நனைப்பதற்குப் பதில், தட்டுகளில் ஈர மணல் வையுங்கள். மொட்டை மாடியில் வெள்ளைப் பூச்சு அடிக்கவோ தென்னங்கீற்று பரப்பவோ அனுமதி கிடைத்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. வீட்டுக்காரருக்கும் அதனால் நன்மைதான். ஈரமான அறையில் சுவிட்ச் போர்டு இருந்தால் அதை எலக்ட்ரீஷியனிடம் காட்டி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் போட்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எனக்கு உள்ளபடியே பயம் தருவது இன்னொன்று. ஒரே அறையில் படுத்துக்கொண்டு அங்கேயே காளானும் வளர்க்கிறார்கள். முதிர்ந்த சிப்பிக் காளான் கண்ணுக்குத் தெரியாத வித்துத்தூளைக் கோடிக்கணக்கில் காற்றில் விடும். நாள்பட அதைச் சுவாசித்தால் இருமல், காய்ச்சல், நுரையீரல் அழற்சி வரை போகும். காளான் பண்ணைத் தொழிலாளர்களுக்கு வரும் நுரையீரல் நோய் மருத்துவம் அறிந்த ஒன்று. தலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளுவதற்கு முன்பே பறித்துவிடுங்கள். பறிக்கும்போது முகக்கவசம் போடுங்கள். குழந்தையும் ஆஸ்துமாக்காரர்களும் அந்த அறைக்குள் போக வேண்டாம். ஃபேன் காற்று பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்து அடிக்கக் கூடாது.

கோடைக்குச் சிப்பியோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. நம் தட்பவெப்பத்துக்கென்றே பால் காளான் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998இல் ஏ.பி.கே. 2 என்ற ரகத்தை வெளியிட்டது. அது 30 முதல் 35 டிகிரியில் செழிப்பாக வரும். படுக்கையை இரண்டாக வெட்டி, மேலே வேகவைத்த மண் போட வேண்டும் என்பதால் வேலை சற்றுக் கூடுதல், நாளும் கூடுதல். ஆனால் பறித்த பிறகு சிப்பியைப் போல மறுநாளே வாடாது. அதற்கும் காற்று வேண்டும், ஈரம் வேண்டும். ஏ.சி. வேண்டாம்.

ஆகவே கடன் வாங்கி எதையும் மாட்டுவதற்கு முன், ஈரப்பதமும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, காலி அறையில் ஒரு வாரம் தொங்கவிடுங்கள். மதியம் மூன்று மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் என்ன காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். விடியற்காலையிலும் 28க்குக் கீழே இறங்காத அறையில் ஆடி முடியும் வரை சிப்பிக் காளான் வேண்டாம். பால் காளான் போடுங்கள்.