பிடி கைக்காகவா, கை பிடிக்காகவா?



பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் வீடு வீடாகப் போகும்போது பெண்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு, "கை மரத்துப்போகுதுங்க" என்பதுதான். இரவில் எழும்பி, கையை உதறிவிட்டு, மறுபடி படுக்கிறவர்கள் பலர். "வேலை செஞ்சா வலிக்கத்தானே செய்யும்" என்று தங்களையே சமாதானப்படுத்திக் கொள்கிறார்கள். ஆனால் வேலை மட்டுமே காரணமல்ல. கருவியைப் பிடிக்கும் விதமும் ஒரு காரணம்.

மணிக்கட்டின் உள்ளே ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநார்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளால் போகின்றன. மணிக்கட்டை மடித்தபடியே நாள் முழுவதும் இறுக்கிப் பிடித்தால் தசைநார்கள் வீங்கி நரம்பை நெருக்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போவது இதனால்தான். இது ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

'எப்படிப் பிடிப்பது' என்பதை நூறு வருடங்களுக்கு மேலாக யோசித்து வந்தவர்கள் கோல்ஃப் விளையாடுகிறவர்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த விளையாட்டு அது. நுவரெலியாவில் அதற்கான கழகம் 1889இல் தொடங்கியது. அதைப் பழக வருகிறவருக்கு முதல் பாடமே கோலைப் பிடிப்பதுதான். ஹரி வார்டன் என்ற பெயர்பெற்ற வீரர் வலது சின்னவிரலை இடது கை விரல்களின் மேல் படிய வைத்துப் பிடித்தார். இன்றும் பலர் அப்படித்தான் பிடிக்கிறார்கள். ஜாக் நிக்லஸுக்கோ சிறிய கைகள். அவர் சின்னவிரலை மற்றக் கையின் சுட்டுவிரலோடு கொக்கிபோலக் கோர்த்துக் கொண்டார். மூட்டு வலி உள்ளவர்களுக்குப் பத்து விரல்களும் கோலில் படும்படி பிடிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். கையைப் பார்த்துத்தான் பிடி. கோலின் பிடி மெல்லியதாக இருந்தால் மேலே நாடா சுற்றிப் பருமனாக்கியும் கொடுப்பார்கள். குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல, அது பறந்துவிடவும் கூடாது, நசுங்கவும் கூடாது என்பது அவர்கள் சொல்லும் அளவு.

பொழுதுபோக்குக்கு விளையாடுகிறவரின் கைக்கு இவ்வளவு கவனிப்பு. வயிற்றுப்பாட்டுக்காக உழைக்கும் நம்முடைய கையை யார் கவனிக்கிறார்கள்?

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. கொழுந்துக் கூடையை இறக்கிய கைகள் அங்கே மண்வெட்டி பிடித்தன. யுத்தத்தில் கணவனை இழந்த சகோதரிகள் பலர், அவர் விட்டுப்போன மண்வெட்டியாலேயே தோட்டம் கொத்துகிறார்கள். அந்தப் பிடி அவருடைய கைக்கும் உயரத்துக்கும் போட்டது. அதை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொள்ளுங்கள். அது அவரை மறப்பதாகாது.

வீட்டிலேயே இப்படிப் பார்க்கலாம்.

பிடியைச் சுற்றிக் கையை மூடுங்கள். பெருவிரல் நுனி சுட்டுவிரல் நகத்தின் மேல் வந்து படிந்தால் அளவு சரி. எட்டாவிட்டால் பிடி பருமன். தச்சரிடம் கொடுத்துச் சீவுங்கள். விரல்கள் உள்ளங்கையில் அழுந்தினால் பிடி மெல்லியது. பழைய சைக்கிள் ரியூப்பைக் கீற்றாக வெட்டி இறுக்கிச் சுற்றுங்கள். மழை நாளில் கை வழுக்காமலும் இருக்கும். வழுக்குகிற பிடியைத்தான் நாம் தேவைக்கு மேல் இறுக்குகிறோம்.

மண்வெட்டியோ கொழுந்து வெட்டும் கத்தரியோ, எதைப் பிடித்தாலும் மணிக்கட்டு முன்கையோடு நேராக இருக்கட்டும். மடிந்த மணிக்கட்டில் பிடிபலம் குறையும். வெட்டுவாயைத் தீட்டி வையுங்கள். மழுங்கிய கருவி கையின் பலத்தை உறிஞ்சும். இடையிடையே கருவியை வைத்துவிட்டு விரல்களை விரித்து மூடுங்கள்.

ஷெல் துண்டு பட்டு விரலை இழந்தவர்களும், விரல் மடங்காதவர்களும் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்கிப் பாருங்கள். பெரிய வைத்தியசாலைகளில் தொழில்வழிச் சிகிச்சை செய்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கைக்கு ஏற்ற பிடியை அமைக்க உதவுவார்கள்.

இரவில் மரத்துப்போவது தொடர்ந்தாலோ, கோப்பை கை நழுவி விழுந்தாலோ, பெருவிரல் அடிச்சதை மெலிந்தாலோ தைலம் தேய்த்துக் கொண்டு இருக்க வேண்டாம். வைத்தியரிடம் போங்கள். நீரிழிவு, தைரொயிட் நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடுதலாக வரும். ஆரம்பத்தில் போனால் இரவில் மணிக்கட்டுக்குக் கட்டும் பட்டியே பலருக்குப் போதும். பிந்தினால் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

சங்கக் கூட்டத்துக்கு அடுத்த முறை வரும்போது உங்கள் கருவியையும் கொண்டு வாருங்கள். ஒருவர் பிடியை மற்றவர் பார்த்துச் சொல்லலாம். பிள்ளைகளைத் தூக்குவதும் இந்தக் கைகள்தான், அடுப்பு எரிவதும் இவற்றால்தான். அவற்றைக் காப்பாற்றிக் கொள்வோம்.